பழைய ஜீப்பின் இரும்புச் சில்லு: முதலில் பொருத்தம், பிறகு சமநிலை

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள், வளவில் கிடந்த பழைய லாண்ட் றோவரை மீண்டும் ஓட்ட முயல்கின்றன. நெல்மூடை ஏற்றவும் பிள்ளைகளைக் கொண்டுபோகவும் அதுவே வாகனம். கல்முனை, நிந்தவூர்க் கரையின் உப்புக்காற்றோ இரும்புச் சில்லுகளை அரித்துவிடுகிறது. மாற்றுச் சில்லு மலிவாகக் கிடைக்கலாம். ஓடும்போது அது கழன்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மூன்று படிகளைக் கற்போம்.

1. அளந்து வாங்குவோம்

1948 முதல் 1985 வரை தயாரான சீரிஸ் வகை லாண்ட் றோவரின் சில்லு 16 அங்குலம், ஐந்து நட்டுகள். பக்கத்துப் பக்கத்துத் துளைகள் இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் சுமார் 97 மில்லிமீற்றர் வரும். வில்லிஸ் ஜீப்பின் 16 அங்குலச் சில்லிலும் ஐந்து துளைகளே. ஆனால் அங்கே இந்த இடைவெளி சுமார் 82 மில்லிமீற்றர். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பொருந்தாது. துளையைப் பெருப்பித்து மாட்டக்கூடாது.

குட்டை லாண்ட் றோவருக்கும் நெட்டைக்கும் ரிம்மின் அகலமும் உட்குழிவும் வேறுபடும். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

2. சுரண்டிப் பார்ப்போம்

புதுப் பூச்சு பழைய வெடிப்பை மறைக்கும். கம்பித் தூரிகையால் நட்டுத் துளைகளைச் சுற்றியும் ரிம்மின் ஓரத்தையும் சுரண்டுங்கள். வெடிப்போ ஆழமான அரிப்போ இருந்தால் விட்டுவிடுங்கள்; வெல்டிங் செய்து ஓட்ட வேண்டாம். உள்ளே துரு இருந்தால் ரியூப்பை அறுக்கும்.

3. சமப்படுத்துவோம்

தார்வீதியில் வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கினால், முதலில் ரிம்மின் உட்புறத்தில் காய்ந்த வயற்சேற்றைக் கழுவுங்கள். நடுக்கம் நிற்காவிட்டால், வாகனத்தைத் தூக்கி, கீழே உறுதியான கட்டை வைத்து, சில்லைச் சுற்றுங்கள். அருகில் அசையாமல் பிடித்த தடிக்கும் ரிம்முக்கும் இடைவெளி மாறினால் ரிம் கோணல். எந்த ஈயக்கட்டியும் அதைத் திருத்தாது.

ரிம் நேரானால், பிறேக்கும் அச்சுத்தண்டும் இழுக்காதபடி கராஜில் விடுவித்து, மெல்லச் சுற்றுங்கள். பாரமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு எதிரே, மேலே, ஈயக்கட்டி மாட்டுங்கள். எந்த இடத்திலும் நிற்கும்வரை திருப்பிச் செய்யுங்கள். பக்கவாட்டு ஆட்டத்துக்கு இயந்திரமே வேண்டும்.

நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்கி, சுமார் 50 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள்.

சிந்திப்போம்: எங்கள் வாகனத்தின் சில்லுகளைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தோம்?