கனி காத்தல்

நெல்லைக் குதிரில் இட்டு வைக்கலாம். துவரையைப் பானையில் கட்டி வைக்கலாம். அடுத்த அறுவடை வரையில் அவை காத்திருக்கும். பழமோ எவருக்காகவும் காத்திராது. பல திங்கள் மரத்தில் வளர்ந்து முதிர்ந்த கனி, பறித்த சில நாள்களில் குழைந்து அழுகிவிடுகிறது. விளைச்சல் மிகும் பருவத்தில் ஒரு வட்டாரத்துத் தோட்டங்கள் எல்லாம் ஒரே காலத்தில் பழுக்கின்றன. சந்தையில் வரத்துப் பெருகுகிறது, விலை வீழ்கிறது. பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்கும் கட்டாத விலை என்று கண்ட உழவர், கனிகளை மரத்தடியிலேயே விட்டுவிடுவதும் உண்டு. ஓராண்டு உழைப்பு ஒரு வாரத்தில் எருவாகிறது. கனியைக் காக்கும் கலையின் அருமையை உணர்த்துவதற்கு இக்காட்சி ஒன்றே போதும்.

பழம் கெடுவதற்குக் காரணம் யாது? பழத்தில் நீர் மிகுதி, இனிப்பும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் வளர்வதற்கு அது நல்ல இடம். ஆயினும், கட்டுறாத நீர் கிடைக்காவிடில் அவை வாழ இயலா. பழத்தோடு சர்க்கரையை மிகுதியாகச் சேர்த்தால், அச்சர்க்கரை நீரைத் தன்பால் பிணித்துக்கொள்கிறது. நுண்ணுயிர்களின் உடலிலுள்ள நீரையும் வெளியே இழுத்துவிடுகிறது. ஆதலின், சிறிது சர்க்கரை சேர்ந்த பழச்சாறு விரைவில் புளித்துப் போக, சர்க்கரை நிறைந்த பாகு பல திங்கள் கெடாது நிற்கிறது. சர்க்கரை இங்கே சுவைக்காக மட்டும் சேர்வதன்று, காவலுக்காகவும் சேர்வதாகும்.

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டார் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். பழனிப் பஞ்சாமிருதம் இதற்குத் தக்க சான்று. மலை வாழைப்பழத்தைப் பிசைந்து, சர்க்கரை, தேன், நெய் முதலியவற்றைச் சேர்த்து, நீர் ஊற்றாமலும் அடுப்பில் ஏற்றாமலும் அதனைச் செய்கின்றனர். இரண்டொரு நாளில் கறுத்துக் குழையும் வாழைப்பழம், அவ்வாறு செய்தபின் பல நாள் கெடாதிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் இப்பஞ்சாமிருதம் புவிசார் குறியீடு பெற்றது.

பழனியை அடுத்த ஆயக்குடி, கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த கொய்யா, அங்கே தோட்டம் தோட்டமாகச் செழித்திருக்கிறது. ஜாம், ஜெல்லி ஆகிய இரண்டிற்கும் ஏற்ற கனி அது. பழத்தின் சதையைக் கூழாக்கிச் சர்க்கரையுடன் காய்ச்சிச் செய்வது ஜாம். சதையை நீக்கித் தெளிந்த சாற்றை மட்டும் காய்ச்சி உறையச் செய்வது ஜெல்லி. நல்ல ஜெல்லி கண்ணாடி போல் ஒளி ஊடுருவும். கத்தியால் வெட்டினால் வெட்டிய விளிம்பு குலையாது நிற்கும்.

சாறு உறைவதற்குக் காரணம், பழத்திலுள்ள பெக்டின் என்னும் பொருளாகும். 1825ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் பிராக்கோனோ இதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். பெக்டின், சர்க்கரை, புளிப்பு ஆகிய மூன்றும் தக்க அளவில் கூடினால், பெக்டின் வலை போலப் பின்னிச் சாற்றைத் தாங்கிக்கொள்கிறது. பெக்டின் குறைந்தால் சாறு உறையாது. புளிப்பு மிகுந்தால் உறைந்த ஜெல்லியிலிருந்து நீர் கசியும். நன்கு கனிந்து குழைந்த பழத்தில் பெக்டின் குறைந்துவிடுவதால், ஜெல்லிக்குச் செங்காய்ப் பதத்திலுள்ள கொய்யாவே சிறந்தது.

கொய்யாக் காய்களைக் கழுவி, மெல்லிய வில்லைகளாக அரிந்து, அவை மூழ்கும் அளவு நீர் ஊற்றி, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, அரை மணி நேரம் வேகவைத்தல் வேண்டும். வெந்ததைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் சாறு தானாக வடியும். பிழிந்தால் சாறு கலங்கும். ஆதலின் பொறுமை வேண்டும். தெளிந்த சாறு ஒரு கிண்ணத்திற்கு முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை சர்க்கரை இட்டு, விரைந்து காய்ச்சுதல் நன்று. நெடுநேரம் கொதித்தால் பெக்டின் சிதைந்துவிடும். கரண்டியில் எடுத்துச் சாய்க்கும்போது, சொட்டுச் சொட்டாக வீழாமல், துளிகள் ஒன்றுகூடித் தகடு போல் வழியுமாயின் அதுவே பதம். அப்போது வெப்பம் 105 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கொடைக்கானல் போன்ற உயர்ந்த இடத்தில் நீர் 93 பாகையளவிலேயே கொதிப்பதால், அங்கே பதமும் முன்னதாகவே வரும். எனவே, நீர் கொதிக்கும் வெப்பத்தினும் ஐந்து பாகை மிகுதி என்று கொள்வதே எங்கும் பொருந்தும் விதி.

ஜாமின் பதம் அறிதற்கு மற்றொரு வழியும் உண்டு. காய்ச்சி முடித்த ஜாமின் எடை, சேர்த்த சர்க்கரையின் எடையைப் போல் ஒன்றரை மடங்காக இருத்தல் வேண்டும். ஒரு கிலோ சர்க்கரை இட்டிருந்தால், ஒன்றரைக் கிலோவாகச் சுண்டும் வரை காய்ச்ச வேண்டும் என்பது பொருள்.

கனியாத காய்க்கும் வழியுண்டு. கோடைக் காற்றில் உதிரும் மாங்காய்களை வாங்குவோர் குறைவு. அவற்றின் அடிபட்ட பகுதியை நீக்கிச் சீவி, சர்க்கரை, உப்பு, இஞ்சி, மிளகாய் முதலியன சேர்த்துக் காய்ச்சி, இறுதியில் காடி ஊற்றி இறக்கினால் இனிப்பு மாங்காய்ச் சட்னி ஆகும். இனிப்பு, உப்பு, புளிப்பு என்னும் மூன்று காவலர் அதனைக் காக்கின்றனர்.

இத்தொழிலில் தூய்மையே உயிர். புட்டிகளைக் கொதிநீரில் இட்டு எடுத்து, உலர்த்தி, சூடு ஆறுமுன் நிரப்பி மூடுதல் வேண்டும். சூடானதை ஊற்றும்போது புட்டியை மரப்பலகைமேல் வைத்தால் விரிசல் விடாது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம் ஆகாது. பழப்புளிப்பு அதனை அரிக்கும். அழுகிய பழத்தைச் சேர்த்தலும், பூஞ்சை படிந்த ஜாமின் மேற்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு உண்ணுதலும் உடலுக்குத் தீங்கு.

உணவுகளைப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் காய்ச்சிக் காக்கும் முறையைப் பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர் கண்டறிந்தார். 1810ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. தம் முறையை நூலாக வெளியிட வேண்டும் என்பதே அரசு விதித்த கட்டளை. ஒருவர் அறிந்ததை ஊர் அறிந்தால்தான் பயன் பெருகும் என்பதை அவ்வரசு உணர்ந்திருந்தது. நம் நாட்டிலும் 1950ஆம் ஆண்டில் மைசூரில் நிறுவப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் உணவைக் காக்கும் முறைகளை ஆராய்ந்து பரப்பி வருகிறது.

வீட்டு அடுப்பு ஒன்று வண்டி வண்டியாய்க் குவியும் கனிகளை எல்லாம் காத்துவிடாது. ஆயினும், விலைபோகாத ஒரு கூடைக் கொய்யா பத்துப் புட்டி ஜெல்லியாகுமானால், அதற்குரியவர் வந்த விலைக்கு விற்றே தீரவேண்டும் என்னும் நெருக்கடியிலிருந்து அந்த அளவிற்கு விடுபடுகிறார். காத்திராத கனியைக் காத்திருக்கச் செய்வது, அதனை விளைத்தவருக்குக் காலத்தை ஈட்டித் தருவதாகும்.