சுருக்கென்று ஒரு ஷாக்

மும்பையில் தாராவி. 90 அடி சாலைக்குப் பக்கத்தில் ஒரு தையல் கூடம். ஜனவரி மாதக் காலை. காற்று வறண்டு இருந்தது.

ஒரு பெண் பாலியஸ்டர் துணிகளை அடுக்கி முடித்தார். பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்தார். இரும்புக் கதவைத் தொட்டார். சுருக்! கையை உதறினார்.

"ஐயோ, கதவில் கரண்ட் அடிக்குது!" என்று கத்தினார்.

பக்கத்துச் சந்தில் இருந்த வயர்மேன் அண்ணாச்சி ஓடி வந்தார்.

"யாரும் கதவைத் தொடாதீங்க" என்றார். டெஸ்டரைப் பிளக்கில் வைத்துப் பார்த்தார். எரிந்தது. டெஸ்டர் நன்றாக இருக்கிறது. பிறகு கதவில் வைத்தார். எரியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் போகும் வயரையும் பார்த்தார். அதில் பழுது இல்லை.

"பயப்படாதேம்மா. இது கம்பியில் வந்த கரண்ட் இல்லை. உரசலில் வந்தது" என்றார்.

உரசலில் மின்சாரம் எப்படி வரும்?

எண்ணெய் தடவாத தலையைப் பிளாஸ்டிக் சீப்பால் வாருங்கள். சீப்பைச் சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு போங்கள். துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். இதுதான் நிலை மின்சாரம்.

பாலியஸ்டர், நைலான், பிளாஸ்டிக் உரசினால் இது நம் உடலில் சேரும். இரும்பைத் தொட்டதும் ஒரே நொடியில் பாய்ந்து போய்விடும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகம். அதனால் மின்சாரம் உடலில் தங்காமல் கசிந்துவிடும். குளிர்காலத்தில் ஈரம் குறைவு. அதனால் சுருக்கென்று அடிக்கும். வானத்து மின்னலும் இதே வகைதான். அது மிகப் பெரியது. ஆளைக் கொல்லும்.

நாம் உணரும் உரசல் ஷாக்கில் 3000 வோல்ட் கூட இருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். ஆனால் கொல்வது வீட்டு மின்சாரம். ஏன்? மாடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ஆள் சாவதில்லை. தரையில் ஓடும் வெள்ளமோ ஆளை இழுத்துப் போகும். உரசல் மின்சாரம் ஒரு சொட்டு. வீட்டு மின்சாரம் வெள்ளம்.

உரசல் ஷாக்கைக் குறைக்க வழிகள்:

1. பருத்தி உடை உடுத்துங்கள்.
2. கையில் சாவியைப் பிடித்து, முதலில் சாவியால் இரும்பைத் தொடுங்கள். வலிக்காது.
3. பெட்ரோல், தின்னர், தோல் ஒட்டும் சொல்யூஷன் இருக்கும் இடத்தில் சிறு பொறி பட்டாலும் தீப்பிடிக்கும். அங்கே நைலான், பாலியஸ்டர் உடை வேண்டாம். காற்றோட்டம் வேண்டும். பெட்ரோல் பிடிக்கும்போது கேனைத் தரையில் வையுங்கள்.

எது ஆபத்தான ஷாக்?

உரசல் ஷாக் ஒரு நொடியில் முடிந்துவிடும். கை விறுவிறுவென்று இழுத்துக்கொண்டே இருந்தால் அது கம்பி மின்சாரம். கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, தையல் மெஷின் மோட்டார், இரும்பு ஏணி, தகரச் சுவர் ஆகியவற்றில் ஷாக் அடித்தால் சாதாரணமாக நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பையில் பெருமழை பெய்தது. வெள்ளத்தில் மூழ்கிப் பலர் இறந்தார்கள். மின்சாரம் தாக்கி இறந்தவர்களும் உண்டு.

சந்தேகம் வந்தால் மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். பக்கத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள். வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் வெறும் கையால் இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், ஈரமில்லாத இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் தள்ளி விடுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

அண்ணாச்சி புறப்படும்போது அந்தப் பெண் கேட்டார்: "எங்க வீட்டு இரும்பு ஏணியில் மழை பெய்தால் விறுவிறுன்னு இருக்கும். அதுவும் உரசல்தானா அண்ணாச்சி?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இல்லைம்மா. வா, இப்போதே போய்ப் பார்ப்போம்" என்றார்.

பேசிப் பாருங்கள்:

உங்கள் வீட்டில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? அதை அணைக்க வீட்டில் யார் யாருக்குத் தெரியும்?