மண் அடிக்கும் முன்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. முடிச்சூரில் ஒரு கிரவுண்டு வாங்கிப் பத்திரம் முடித்த செய்தியை அக்கா சொன்னாள். மனசு நிறைந்தது. மனை தாழ்வாக இருப்பதாகவும், நாலு அடி மண் அடித்து மேடாக்கிவிடலாம் என்று காண்டிராக்டர் சொல்வதாகவும் சொன்னாள். அந்த நாலு அடியை எங்கிருந்து அளந்தார் என்று கேட்டாயா? சாலையிலிருந்தா, உன் தரையிலிருந்தா, வெள்ளம் நின்ற மட்டத்திலிருந்தா? அது தெரியாமல் ஒரு லோடு மண்கூட இறக்காதே.

உங்கள் பக்கத்தில் பலரும் செம்பரம்பாக்கம் திறக்கிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. உன் மனைக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். 2015 டிசம்பரில் அங்கே ஜனங்களைப் படகில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். 2021 நவம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் மறுபடி தண்ணீர் புகுந்தது. ஆற்றை அகலப்படுத்தியிருக்கிறார்கள், உண்மைதான். அதை நம்பி உன் வீட்டுத் தரையை ஒரு அங்குலம்கூடக் குறைக்காதே.

முதல் வேலை, அக்கம்பக்கத்தில் பழைய வீட்டுக்காரர்களைப் பார். 2015 தண்ணீர் நின்ற கோடு யார் வீட்டுச் சுவரிலாவது இருக்கும். ஜன்னல் கம்பியில் துரு ஏறிய உயரம் சொல்லும், மீட்டர் பெட்டியை எதற்கு மேலே தூக்கி வைத்தார்கள் என்று கேட்டாலும் தெரியும். பிறகு ஒரு கொத்தனாரை டியூப் லெவலோடு கூட்டிப்போ. குழாயில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை அந்தக் கோட்டில் பிடித்து, மறுமுனையை உன் மனை மூலையில் நட்ட கழியில் பிடித்தால் தண்ணீர் நிற்கும் இடமே வெள்ள மட்டம். தூரம் அதிகமென்றால் நடுவில் ஒரு கம்பத்துக்கு மாற்றிக் கொண்டுவரலாம். அந்த வெள்ள மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடியில் வீட்டுத் தரை வர வேண்டும். சாலை மட்டத்தையும் அப்போதே குறித்துக்கொள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் படியிறங்கிப் போகும் வீடுகளைச் சென்னையில் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம்.

இப்போது கணக்குக்கு வா. 2400 சதுர அடியை நாலு அடி உயர்த்த 9600 கன அடி, அதாவது 96 யூனிட். கொட்டிய மண் இறுகும்போது குறையும் என்பதால் 120 யூனிட்டாவது வாங்க வேண்டும். மூன்று யூனிட் டிப்பரில் 40 நடை. இவ்வளவு மண்ணையும் தாங்கச் சாதாரண காம்பவுண்டு சுவரால் முடியாது. முதல் மழையில் ஈரமண் தள்ளி, சுவர் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் சாயும். மனை முழுவதையும் மேடாக்கினால் அங்கே நிற்க வேண்டிய தண்ணீரும் அவர் வீட்டுக்குத்தான் போகும். அதனால் நான் சொல்வது இது: மனையைச் சாலைக்குச் சற்று மேலாக மட்டும் உயர்த்து. மீதி உயரத்தை வீட்டுக்கு அடியில் பேஸ்மட்டமாகக் கட்டு. சுற்றியுள்ள இடம் தண்ணீர் வந்து போவதற்குத் தாழ்வாகவே இருக்கட்டும். வெள்ளக் கோடு ஆள் இடுப்புக்கு மேல் இருந்தால் மண்ணை மறந்துவிட்டுத் தூண் மேல் வீட்டைக் கட்டு. கீழே வண்டி நிற்கட்டும்.

அஸ்திவாரத்தில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. முதலில் மண்ணைக் கொட்டிவிட்டு, 'ஐந்து அடி வானம் தோண்டியிருக்கிறோம் சார்' என்பார்கள். அதில் நாலு அடி நீ காசு கொடுத்துக் கொட்டிய மண். அதன்மேல் பில்லர் உட்கார்ந்தால் வீடு ஒரு பக்கம் இறங்கும், சுவர் விரியும். பழைய தரையிலிருந்தே தோண்டி, கெட்டி மண்ணில் ஃபூட்டிங் போட்டு, பில்லரை ஏற்றி, பிளிந்த் பீம் கட்டிய பிறகு உள்ளே மண்ணை நிரப்பச் சொல். ஆழத்தை இன்ஜினியர் மண் பரிசோதனை பார்த்துச் சொல்லட்டும். அந்தச் செலவில் கை வைக்காதே.

நிரப்புவது கிராவலாக இருக்கட்டும். இடித்த கட்டடத்து ரப்பீஸ் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். அதன் இடுக்குகளில் பின்னால் மண் இறங்கி டைல்ஸ் உள்வாங்கும். ஏரிக் களிமண்ணும் வேண்டாம், நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வருகிற மண்ணுக்கு அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேள். முக்கால் அடிக்கு மேல் போகாமல் பரப்பி, நனைத்து, மெஷின் வைத்து இடித்த பிறகே அடுத்த அடுக்கு. கைப்பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. இதை நீயே நின்று பார். ஆபீஸுக்கு லீவு போட்டாலும் பரவாயில்லை.

சம்ப்பின் மூடி வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். கீழே போனால் குடிக்கிற தண்ணீரில் சாக்கடை கலக்கும். செப்டிக் டேங்கை மழைக்காலத்தில் காலியாக வைக்காதே, நிலத்தடி நீர் ஏறினால் தொட்டியையே மேலே தூக்கிவிடும். கழிவுநீர்க் குழாயில் திரும்பி வராதபடி ஒரு வால்வு போடச் சொல். தரை அஞ்சு அடி உயரம் போனால் வாசலில் பத்துப் படி வரும். அக்காவுக்கு முழங்கால் வலி. படியை அகலமாக வைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி போடு.

இன்னொன்று. தாலுகா அலுவலகத்தில் புலப்படம் வாங்கி, உன் சர்வே எண்ணை ஒட்டி வாய்க்காலோ ஓடையோ போகிறதா என்று பார். இருந்தால் அதன்மேல் ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது.

வெள்ளக் கோடு, சாலை, உன் தரை மூன்றின் மட்டத்தையும் எடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்து நான் சொல்லும்வரை டிப்பர்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா