போராட்டக்காரரா, கலகக்காரரா?

ஆந்திராவில், நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்று ஓர் ஊர். அங்கே பெண்கள் எழுத்தறிவு மையத்தில் படித்தார்கள். சாராயம் குடும்பத்தைக் கெடுப்பது பற்றி ஒரு பாடம் வந்தது. கூடிப் பேசினார்கள். 1992இல் சாராயக் கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள். மாவட்டம் முழுவதும் போராட்டம் பரவியது. சாராய ஏலத்தையும் மறித்தார்கள்.

இவர்களை என்ன பெயரால் அழைப்பது?

'கலகக்காரர்' என்றால் அமைதியைக் கெடுப்பவர். 'கிளர்ச்சியாளர்' என்ற சொல்லைப் பத்திரிகைகள் ஆயுதம் எடுத்தவருக்கும் எழுதுகின்றன. இந்தப் பெண்கள் ஆயுதம் எடுக்கவில்லை. 'மறியல் செய்தவர்', 'போராட்டக்காரர்' என்பதே சரி. 'ஆர்ப்பாட்டம்' என்றும் சொல்லலாம். அடம் பிடிக்கும் குழந்தையிடம், "ஆர்ப்பாட்டம் பண்ணாதே" என்கிறார்களே, அதே சொல்தான்!

1993 அக்டோபரில் ஆந்திர அரசு மாநிலம் முழுவதும் சாராயத்தைத் தடை செய்தது.

ஒரு போராட்டச் செய்தியை இரண்டு பத்திரிகைகளில் படியுங்கள். எந்தச் சொல் வருகிறது? அடிக்கோடு இடுங்கள்.