அந்திம ஸ்ம்ருதியும் முன்னமே சொல்லிவைத்தலும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சரமதசையைப் பெரியாழ்வார் தம் திருமொழியில் இரண்டு பதிகங்களில் பேசுகிறார். நான்காம் பத்தின் ஐந்தாம் திருமொழியான 'ஆசைவாய்' சம்சாரிகளுக்கு உபதேசம். பொருளை எங்கே வைத்தாய் என்று உறவினர் சூழ்ந்திருந்து வினவ, வாய்திறக்க மாட்டாமல் கிடக்கும் காலம் வருமுன் எம்பெருமானைப் பற்றுங்கள் என்கிறார். வங்கிப் பணியில் இருந்த நமக்கு இக்காட்சி புதியதன்று. நாமினி பெயர் எழுதப்படாத வைப்புநிதி ரசீதுடன் வந்து நின்ற பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறோம்.

பத்தாம் திருமொழியான 'துப்புடையாரை'யில் ஆழ்வார் தம்மைப்பற்றியே விண்ணப்பிக்கிறார். இளைப்பு வந்த அவ்வேளையில் உன்னை நினைக்க மாட்டேன். ஆகையால் இன்றே சொல்லிவிட்டேன் என்று திருவரங்கனிடம் கூறுகிறார்.

பிறரை நினைக்கச் சொன்னவர், தம்மால் இயலாது என்னலாமோ எனில், முரணில்லை. இரண்டிடத்தும் 'முன்னமே' என்பதே உயிர்நிலை. பேரருளாளன் திருக்கச்சிநம்பி வாயிலாக எம்பெருமானாருக்கு அருளிய ஆறு வார்த்தைகளில், ப்ரபன்னனுக்கு அந்திம ஸ்ம்ருதி வேண்டா என்பதும் ஒன்று. கட்டைபோலும் கல்போலும் கிடக்கும் பக்தனைத் தானே நினைப்பதாக வராஹ நாயனாரும் பூமிப்பிராட்டிக்கு வாக்களித்தார்.

இதனை நாம் உணர்ந்தது துயரத்தின் வழியே. திருவேங்கடத்தில் நாள்தோறும் திருப்பல்லாண்டு சேவித்து வாழ்ந்தவர் எங்கள் தாயார். அவருடைய கடைசி ஒன்பது நாட்கள் வெளியூர் மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயுடன், நினைவின்றிக் கழிந்தன. ஒரு துளி தீர்த்தமும் சேர்க்க இயலவில்லை. "இல்லத்திற்கு அழைத்துச் செல்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோது உடன்பிறந்தார் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றோம். அவர் விருப்பம் எதுவென்று அதுகாறும் எவரும் கேட்டதில்லை.

திருநாமம் சொல்லாமலே போனாரே என்னும் சோகம் பல்லாண்டு எங்களை வாட்டிற்று. இத்திருமொழியைக் காலக்ஷேபத்தில் கேட்டபின் அது தணிந்தது. அவர் கதிக்குப் பொறுப்பாளன் எம்பெருமான், அதில் ஐயமில்லை. கேளாதிருந்த குற்றம் மட்டும் எங்களுடையது.

அக்குற்றம் பிறர்க்கு நேராதிருக்க வழி உண்டு. மீளும் நம்பிக்கையற்ற நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்று முன்னமே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையும் எளிதாயிற்று. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜடெட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இல்லம் தேடி வந்து நோவு தணிக்கும் வலிநிவாரணச் சிகிச்சையும் உண்டு.

ஆகவே சரீரம் தெளிவாயிருக்கும்போதே எம்பெருமானிடம் ஆத்மாவைப் பற்றியும், பிள்ளைகளிடம் தேகத்தைப் பற்றியும் சொல்லிவைப்போம். சரமதசையில் இருப்பவரைத் திருநாமம் சொல்லும்படி வற்புறுத்த வேண்டா. அருகிருந்து நாம் சேவிப்போம். அவர்க்காக நினைப்பவன் அவன்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.