பால் வெட்டிய கைகள்

அன்புள்ள யாழினி,

சுற்றுச்சூழல் அமைச்சராக வேண்டுமென்றால் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். பாடங்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் பிரேசிலின் மரினா சில்வாவைத் தெரிந்துகொள்.

1958இல் அமேசான் காட்டில், ஆக்ரி மாநிலத்தில், ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாகவே பால் வெட்டப் போனார். பதினாறு வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. வைத்தியத்துக்காக ரியோ பிராங்கோ நகருக்கு வந்து, வீட்டுவேலை செய்துகொண்டே படித்து, வரலாற்றில் பட்டம் பெற்றார். மரம் அறுக்க வருபவர்களுக்கு எதிரே குடும்பம் குடும்பமாகப் போய் நின்ற பால்வெட்டுத் தொழிலாளர் போராட்டங்களில், அவற்றின் தலைவர் சீக்கோ மென்டிஸோடு நின்றார். மென்டிஸ் 1988 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மரினா 1994 தேர்தலில், 36 வயதில், செனட்டரானார்.

2003இல் அதிபர் லூலா அவரை அமைச்சராக்கினார். இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. காட்டை அழிக்கும் எதுவும் சுற்றுச்சூழல் துறையின் கையில் இல்லை. சாலை ஒரு துறையிடம், விவசாயம் இன்னொன்றிடம், காவல் வேறொன்றிடம், கடன் வங்கிகளிடம். தன் துறை மட்டும் தனியாகப் போராடினால் தோற்கும் என்பது மரினாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் 2004இல் வந்த காடழிப்புத் தடுப்புத் திட்டம் பத்துக்கும் மேற்பட்ட அமைச்சகங்களைச் சேர்த்து, அதிபர் அலுவலகத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டது. அதுவரை ஆண்டு முடிந்தபின் அழிவைக் கணக்கிட்டார்கள். இப்போது வெட்டு நடக்கும்போதே செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்தது, அதிகாரிகள் களத்துக்குப் போனார்கள். 2008இல், சுற்றுச்சூழல் விதிகளுக்கு உட்பட்டதற்கான ஆவணம் இல்லாவிட்டால் அமேசானில் விவசாயக் கடன் கிடையாது என்று மத்திய வங்கி வழியாக விதி வந்தது. என் கணிப்பில் அதிகாரிகளின் துப்பாக்கியைவிடப் பண்ணை முதலாளிகளை அதிகம் கலங்கடித்தது அதுதான். ஆகவே தாவரவியலோடு வரவுசெலவுத் திட்டத்தையும் படிக்கப் பழகு. 2004இல் சுமார் 27,800 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 2012இல் அது 4,600க்கும் கீழே இறங்கியது.

அந்த இறக்கம் முழுவதையும் அவர் பதவியிலிருந்து பார்க்கவில்லை. அமேசான் வளர்ச்சித் திட்டத்தை லூலா வேறொரு அமைச்சரிடம் ஒப்படைத்தபோது, 2008 மே மாதம், விலகினார். கோபத்தில் போனார் என்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். அதிகாரம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், காடழிப்புக்கு அவர் பெயரே மறைப்பாகியிருக்கும்.

பிறகு மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். 2010இல் மட்டும் ஏறத்தாழ இரண்டு கோடி வாக்குகள் பெற்றார். 2023 ஜனவரியில் அதே துறைக்கு மீண்டும் அமைச்சரானார். அதற்கு முந்தைய ஆட்சியில் கண்காணிப்பு நொறுங்கிக் காடழிப்பு ஏறியிருந்தது. 2024இல் சுமார் 6,300 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. ஆனாலும் 2025இல் சுற்றுச்சூழல் அனுமதி விதிகளைத் தளர்த்தும் சட்டத்தை, அவர் வெளிப்படையாக எதிர்த்தும், நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது.

அன்புடன்,
உன் பெரியப்பா