மிச்சம் பிடித்த ரூம் வாடகை

கைப்பிள்ளையோடு தீம் பார்க் போவதற்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால், டிக்கெட், ரைடு, சாப்பாடு எதைப் பற்றியும் முதலில் பேசமாட்டேன். முந்தின நாள் சாயங்காலமே போய்ச் சேருங்கள், பார்க்குக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்குங்கள் என்பேன். அதற்குக் காசு ஒதுக்க முடியாது என்றால் போகவே வேண்டாம். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகட்டும், பார்க் எங்கேயும் ஓடிப்போகாது.

இதை நான் போகிறதுக்கு முந்தியே சொன்னேன். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட மெசேஜ் அழியாமல் அப்படியே இருக்கிறது. அதற்குக் கட்டைவிரல்கூட யாரும் போடவில்லை. கொழுந்தன் மட்டும் பதில் எழுதினான்: "மைனி, ரூமுக்கு எதுக்கு அஞ்சாயிரம்? ராத்திரி வேன்ல படுத்தா விடியக்காலம் கொச்சி. மூஞ்சியக் கழுவிட்டு நேரா உள்ள போயிரலாம்." அந்த மெசேஜுக்கு வரிசையாகக் கைதட்டல்.

கொழுந்தன் கப்பல்காரன், லீவில் வந்திருந்தான். சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோ வாசலில் அந்தப் பெரிய உருண்டைக்கு முன்னால் நின்று எடுத்த படம்தான் அவன் டிபி. ஆகவே எங்கள் வீட்டில் பார்க் விஷயத்தில் அவன் சொன்னதுதான் சட்டம். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நாள் குறித்ததும் அவன்தான். எங்கள் ஊர் பெரியதாழையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. தொழில் கெடாமல் வெளியூர் போக எங்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள். ஊர் உலகமெல்லாம் பார்க்குக்கு வருவதும் அதே நாள். 2025 மே மாதம், மூன்றாவது ஞாயிறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்றதும் மீன்பிடிக்கிறவர்கள் எல்லாரும் வீட்டில் சும்மா படுத்திருப்பதாக வெளியே நினைக்கிறார்கள். தடை விசைப்படகுக்கு. எங்களுடைய ஃபைபர் வள்ளத்துக்குக் கிடையாது. விசைப்படகு கரையில் நிற்கிறபோதுதான் எங்கள் சீலாவுக்கும் விளமீனுக்கும் விலை ஏறும். அந்த நேரத்தில் ஒரு நாள் வள்ளம் இறங்கவில்லை என்றாலும் என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போகும். ஜூனுக்குத் தள்ளலாம் என்றால் நமக்குக் கச்சான் காற்று, அங்கே மழை.

அப்புறம் ஏன் மே? ஓரகத்தியின் பிள்ளைகள் இரண்டுக்கும் பள்ளிக்கூட லீவு. என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, லீவும் இல்லை. கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு உள்ள ஒரே சவுகரியமே அதுதான். சபரிமலை கூட்டம் முடிந்த ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போனால் வரிசையும் இருக்காது, இந்த வெக்கையும் இருக்காது. பெரிய பிள்ளைகளின் லீவுக்குச் சின்னப் பிள்ளையைப் பலி கொடுக்காதீர்கள். ஓரகத்தி இதைப் படிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்து, மாமியார் வந்து ஏறி, வேன் கிளம்பும்போது மணி ஒன்பது. உவரி, கூடங்குளம், அஞ்சுகிராமம், நாகர்கோவில் வரைக்கும் பாட்டும் சிரிப்புமாக ஓடியது. நாகர்கோவிலில் டீக்கு நிறுத்தியபோது மகள் தூங்கிப் போயிருந்தாள். ஓரகத்தியின் பையன் ஹாரன் அடித்து எழுப்பினான். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

திருவனந்தபுரம் தாண்டினால் நெடுஞ்சாலை 66. ஆறு வழிச்சாலை வேலை நடக்கிறது. வேன் பத்து நிமிடம் நேராக ஓடாது; ஒரு திருப்பம், ஒரு பள்ளம், ஒரு சர்வீஸ் ரோடு, எதிரே லாரி வெளிச்சம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிள்ளை விழித்தது. வேன் சீட்டில் அதைப் படுக்கப் போட முடியாது, மடியில்தான். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் ஏற்றக்கூடாது, மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வேன் எதிலும் நான் பார்த்ததில்லை. என் இரண்டு கைகள்தான் பெல்ட். கொல்லத்துக்கு முன்னால் ஒரு வாந்தி, அப்புறம் இன்னொன்று. "வாந்தி மாத்திரையில கால் துண்டு குடுத்தா தூங்கிரும்" என்றாள் ஓரகத்தி. கொடுக்கவில்லை. பெரியவர்கள் போடுகிற அந்த மாத்திரைகள் சிலவற்றை இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மற்றவற்றையும் டாக்டர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுரோட்டில் துண்டு உடைக்காதீர்கள்.

ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது கணக்கு. மூன்றைத் தொட்டாலும் பத்து மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. என் மகள் அந்த இரவு உருப்படியாக மூன்று மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். கொழுந்தன் கடைசி சீட்டில் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டு வந்தான்.

விடிந்ததும் பெட்ரோல் பங்கில் முகம் கழுவல். பொம்பளைகளுக்கு அங்கே ஒரே ஒரு கதவு, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. மாமியார் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாங்கள் ஒவ்வொருவராக உடுப்பு மாற்றினோம். மிச்சம் பிடித்த ரூம் வாடகையின் அருமை எனக்கு அங்கேதான் விளங்கியது.

கொச்சி வண்டர்லா பள்ளிக்கரையில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. வி-கார்டு கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-ல் வீகாலேண்ட் என்று தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் வீகாலேண்ட் என்றுதான் சொல்வார்கள். குன்று என்பதால் ஏற்றமும் இறக்கமும் உண்டு, பிள்ளையைத் தூக்கி நடக்க இடுப்பில் தெம்பு வேண்டும். அங்கே பிள்ளையின் உயரத்தைத்தான் அளப்பார்கள். பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 சென்டிமீட்டர், சிலவற்றுக்கு 120. இரண்டரை வயதுப் பிள்ளை தொண்ணூறைத் தொட்டால் பெரிது. அதாவது நீங்கள் காசு கொடுத்துப் போகிற பார்க்கில் முக்கால்வாசி உங்கள் பிள்ளைக்கு இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிற உங்களுக்கும் இல்லை. வீட்டிலேயே சுவரில் கோடு போட்டு அளந்துவிட்டுப் போங்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ரைடுக்கு நைலான் உடுப்பு. சேலை, நைட்டி, காட்டன் சுடிதார் எதுவும் நடக்காது. சாதாரண டயப்பர் தண்ணீரில் ஊதி முழங்கால் வரை தொங்கும், நீச்சல் டயப்பர் என்று தனியாக விற்கிறது. வெளிச் சாப்பாடு விடமாட்டார்கள், பிள்ளைச் சாப்பாடு என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். நான் பொடி தடவிய இட்லியும் ஃபிளாஸ்கில் வெந்நீரும் கொண்டுபோனேன். பிள்ளையின் கையில் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதுங்கள், காலையில் போட்டிருக்கும் உடுப்போடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அது தூங்கும்போது போர்த்துகிற பழைய சேலை ஒன்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் வேறு எதற்கும் மசியாத பிள்ளை அந்த வாசனைக்கு மசியும்.

பத்து மணிக்கு உள்ளே போனோம். பதினொன்றுக்கெல்லாம் மகள் என் தோளைவிட்டு இறங்க மறுத்தாள். சின்னப் பிள்ளைகளுக்கான முழங்கால் அளவுத் தண்ணீரில் இறக்கினால் அழுகை. சரி, அலைக்குளத்தைக் காட்டலாம் என்று கூட்டிப்போனோம். எங்கள் ஊர்ப் பிள்ளை, தூண்டில் வளைவுக் கல்லுக்குப் பக்கத்தில் நுரையோடு புரண்டு வளர்கிற பிள்ளை, அலைக்கு எப்படிப் பயப்படும் என்றார் வீட்டுக்காரர். அலைக்கு அவள் பயப்படவில்லை. அலை வருவதற்கு முன்னால் ஊதினார்களே ஒரு சங்கு, அதற்குத்தான். பெரியதாழையில் எந்த அலையும் சங்கு ஊதிவிட்டு வந்ததில்லை. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடும்பம் விலகி நின்றது. மாமியார் நின்ற இடத்திலிருந்தே, "கடலை வாசல்ல போட்டுட்டு இங்க வந்து காசு குடுத்து அலை பாக்கியோ" என்றார். அந்த ஒரு நாளில் என் பக்கம் நின்று பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அழுது அழுது உதடு காய்ந்துவிட்டது. ஓரகத்தி பையிலிருந்து ஒரு பாக்கெட் ஜூஸை எடுத்து, "இது ஓஆர்எஸ்தான், குடு" என்றாள். அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் என் பையிலிருந்த பொடி பாக்கெட்டைப் பிரித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தேன். அதற்கு என்னைப் பார்த்து, "மருந்துக்கடைக்காரி" என்று ஒரு சிரிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் பதிமூன்றரை கிராம்தான். பாக்கெட்டில் வந்தவற்றில் சர்க்கரை அதைப்போல் பல மடங்கு; வயிற்றுப்போக்கோ வாந்தியோ உள்ள பிள்ளைக்கு அது நிலைமையை மோசமாக்கும். ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் இதற்காகப் பல வருடம் தனியாக வாதாடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்தக் கணக்கில் இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓஆர்எஸ் என்று போடக்கூடாது என்று உத்தரவிட்டது. செய்தி வந்த அன்றே குரூப்பில் போட்டேன். அதற்கும் கட்டைவிரல் விழவில்லை.

பன்னிரண்டரைக்கு நான் கிளம்பிவிட்டேன். இதைத்தான் இன்று வரைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள். டிக்கெட் காசை வீணாக்கினாள், பிள்ளையைச் சாக்கு வைத்து ஏசி ரூமில் தூங்கினாள் என்று. தூங்கினேன்தான். ஒரு ஆட்டோ பிடித்து, பக்கத்தில் கிடைத்த முதல் லாட்ஜில் ரூம் எடுத்து, பழைய சேலையைப் போர்த்தியதும் பிள்ளை நாலரை மணி வரை அசையவில்லை. நானும் அசையவில்லை. வீட்டுக்காரர் முதலில் கொழுந்தனோடு நின்றார், ஒரு மணி நேரம் கழித்து லாட்ஜுக்கு வந்தார். அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

கணக்கு என்று வந்ததால் இதையும் போட்டுவிடுகிறேன். மிச்சம் பிடிக்கப் பார்த்தது ரூம் வாடகை. அதை எப்படியும் கொடுத்தோம், அதுவும் பேரம் பேச நேரமில்லாமல். எனக்கும் அவருக்கும் எடுத்த டிக்கெட்டில் பாதி நாள் போனது. அன்றைக்கு ராத்திரியும் அதே வேன், அதே ரோடு. திங்கட்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல், திருச்செந்தூரில் டாக்டர், மருந்து. விலை நன்றாக இருந்த அந்த வாரத்தில் பாதி நாள் எங்கள் வள்ளம் இறங்கவில்லை. இவ்வளவையும் கூட்டினால் மூன்று ரூம் நல்லதாகவே எடுத்திருக்கலாம்.

கொழுந்தனுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, மே 24-ஆம் தேதி, கேரளத்தில் பருவமழை இறங்கிவிட்டது. வழக்கத்தைவிட எட்டு நாள் முந்தி. அதே நாளில் கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. பெட்டிகள் கொல்லம் கரைவரை ஒதுங்கின. கப்பல்காரன் இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினான். கடைசியில், "பாத்தியளா மைனி, நான் சொன்ன தேதியில போனதால தப்பிச்சோம்" என்று முடித்தான்.

இந்தப் பிப்ரவரியில் சென்னைக்குப் போகிறோம். திருப்போரூர்ப் பக்கம் 2025 டிசம்பரில் வண்டர்லா திறந்திருக்கிறது. கொழுந்தன் கப்பலேறிவிட்டான், ஓரகத்தியின் பிள்ளைகளுக்குப் பரீட்சை. புதன்கிழமைக்குத்தான் டிக்கெட் எடுக்கிறேன். திருச்செந்தூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறிச் செங்கல்பட்டில் இறங்குவோம், அன்றைக்குப் பார்க் கிடையாது. ரூம், குளியல், தூக்கம். ராத்திரிப் பயணம்தானே இதுவும் என்று கேட்பீர்கள். ரயிலில் பிள்ளை நீட்டிப் படுக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பெர்த் கேட்காவிட்டால் ரயிலில் டிக்கெட்டே வேண்டாம். கேட்டால் முழுக் கட்டணம். நான் அவளுக்கும் ஒரு பெர்த் போட்டிருக்கிறேன். வீண்செலவு என்கிறார் வீட்டுக்காரர். அவர் மேல் பெர்த்.